கண்மாய்க் கணக்கெடுப்பில் மீத்தரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, சிவகங்கைப் பக்கம் வார இறுதிகளில் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, அளக்கும் தன்னார்வக் குழுக்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், பையில் ஒரு நோட்டு, டேப், தண்ணீர் பாட்டில். கரையைச் சுற்றி நடந்து எல்லை, மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழி), கலுங்கு (உபரிநீர் வழியும் கட்டுமானம்), வரத்துக்கால் (தண்ணீர் வரும் கால்வாய்) எல்லாவற்றையும் பதிந்துகொண்டு வந்து கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்குவதுதான் வேலை. அளப்பது எப்படி என்று யாரும் அதிகம் கேட்பதில்லை, ஒரு நாளில் பழகிவிடுகிறார்கள். அளந்ததைப் பற்றி என்ன எழுதிவைப்பது என்பதில்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தேகம். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. மீத்தரவு, மெட்டாடேட்டான்னு சொல்றீங்களே, அது என்னதுங்க?

தரவைப் பற்றிய தரவு. வீட்டில் ஊறுகாய் போட்டால் ஜாடி மேல் ஒரு சீட்டு ஒட்டுவோம்: என்ன ஊறுகாய், எந்த மாதம் போட்டது, உப்பு கூடுதலா குறைவா. ஊறுகாய் தரவு என்றால் சீட்டு மீத்தரவு. சீட்டு இல்லாவிட்டாலும் ஊறுகாய் ஊறுகாய்தான். ஆனால் போட்டவர் ஊரில் இல்லாத நாளில் ஜாடியைத் திறப்பவருக்குத்தான் அந்தச் சீட்டின் அருமை தெரியும்.

நம் வேலையில் அந்தச் சீட்டு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, கோப்பைப் பற்றியது: எந்த இடம், எந்த ஆயத்தொலைவு முறை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை), எந்தத் தேதி, யாருடையது. இன்னொன்று, களத்தில் நடந்தது: யார் நடந்தார்கள், எந்தக் கருவியோடு நடந்தார்கள், எங்கே போக முடியாமல் திரும்பினார்கள். முதலாவதை மென்பொருள் ஓரளவு தானே நிரப்பிக்கொள்ளும். இரண்டாவதை நாம் எழுதினால்தான் உண்டு.

2. புள்ளி இருக்கு, போட்டோ இருக்கு, வரைபடமும் வந்துருச்சு. அதுக்கு மேல எதுக்கு எழுதணும்?

எனக்கு இது புரியவைத்த சம்பவத்தைச் சொல்கிறேன். ஒரே கண்மாய்க்கு இரண்டு எல்லைக் கோப்புகள் என் கைக்கு வந்தன. இரண்டும் ஒழுங்காக எடுக்கப்பட்டவை, ஆனால் பரப்பளவில் பாதிக்குப் பாதி வித்தியாசம். ஆக்கிரமிப்பு நடந்துவிட்டது என்று முதலில் பதறினோம். மூன்று வாரம் அலைந்து எடுத்தவர்களைக் கண்டுபிடித்துக் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. ஒரு குழு மார்கழியில், கண்மாய் நிறைந்திருந்தபோது, நீர் விளிம்பை ஒட்டி நடந்திருக்கிறது. இன்னொரு குழு சித்திரையில், எஞ்சிக் கிடந்த குட்டையைச் சுற்றி நடந்திருக்கிறது. இரண்டு கோப்பிலும் இருந்தது 'எல்லை' என்ற ஒற்றைச் சொல் மட்டும்.

'நீர் விளிம்பு, அளந்த நாள் இது' என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். கண்மாயின் எல்லை என்பது குறைந்தது மூன்று பொருள்படும்: அன்றைய நீர் விளிம்பு, முழுக் கொள்ளளவு மட்டத்தின் விளிம்பு, வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ள புல எண்ணின் எல்லை. எது என்று எழுதாத எல்லையை யாரும் பயன்படுத்த முடியாது. ஊராட்சிக் கூட்டத்தில் எடுத்து வைத்தால் அடுத்த நிமிடம் எதிர்க்கேள்வி வரும்.

3. சரி, குறைஞ்சபட்சம் என்னென்ன எழுதினா போதும்?

நான் ஏழு கேள்விகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இது என்ன அடுக்கு (வரைபடத்தில் ஒரு வகைத் தரவின் தொகுப்பு), எல்லை என்றால் எந்த எல்லை? எந்த ஊர், எந்த வட்டம்? எந்தத் தேதி, எந்த நேரம்? யார் எடுத்தது? எந்தக் கருவி, எந்தச் செயலி, துல்லியம் எவ்வளவு? எந்த ஆயத்தொலைவு முறை? எங்கெல்லாம் போக முடியவில்லை, எதை ஊகித்தோம்?

இதில் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வடகிழக்கு மூலையில் சீமைக் கருவேலம் அடைத்திருந்ததால் கரை மேலிருந்தே பார்த்துக் கோடு இழுத்தோம் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதாவிட்டால் அந்த ஊகம் அளவாக மாறிவிடும்.

4. இதெல்லாம் வீட்டுக்கு வந்து ஆற அமர எழுதிக்கலாமா?

வேண்டாம். அன்றைக்கே, அந்த ஊரை விட்டுக் கிளம்பும் முன் எழுதுங்கள். எங்கள் குழுவில் கடைசி அரை மணி நேரம் டீக்கடைப் பெஞ்சுக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். எல்லோரும் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு புள்ளியாக வாய்விட்டுப் படித்து, விட்டதைச் சேர்ப்போம். ஒருவர் மறந்ததை இன்னொருவர் நினைவில் வைத்திருப்பார். இரண்டு நாள் கழித்தால் மூன்று கண்மாயும் ஒரே கண்மாயாகக் குழம்பிவிடும்.

எங்கள் நோட்டிலிருந்து ஒரு பதிவு, சுருக்காமல்: 'காலை 6.40. வடக்கு மடை. மூட்டம். மடைக்கல்லை நெருங்க முடியவில்லை, முள். 3 மீட்டர் தெற்கே, கரை மேல் நின்று எடுத்த புள்ளி. துல்லியம் 6 மீ. மடைத்தூண் இரண்டில் கிழக்குத் தூண் சாய்ந்திருக்கிறது. தண்ணீர் மடைக்கண்ணுக்கு ஒரு சாண் கீழே. ஆடு மேய்த்தவர் சொன்னது: இந்த மடை திறந்து நாலு வருஷம் ஆச்சு.' இதை எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு போன குழு, சாய்ந்த தூண் விழுந்துவிட்டதா என்று பார்த்தது இந்த வரியை வைத்துத்தான்.

பால்பாயின்ட் பேனாவை விடப் பென்சில் நல்லது. நனைந்த தாளில் பேனா எழுதாது, எழுதிய மையும் பரவும்.

5. போன்ல 'துல்லியம் 4 மீட்டர்'னு காட்டுது. அதை அப்படியே நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அதன் பொருள் தெரிந்து நம்புங்கள். ஆண்ட்ராய்டில் அந்த எண், நாம் நிற்கும் உண்மையான இடம் 4 மீட்டர் ஆரத்துக்குள் இருக்க ஏறக்குறைய 68 சதவீதம் வாய்ப்பு என்று சொல்கிறது. மூன்றில் ஒரு தடவை வெளியே இருக்கலாம். ஆலமரத்தடியில், கோயில் மதிலோரம் இன்னும் மோசமாகும். ஓடிகே கலெக்ட் மாதிரியான செயலிகள் அட்சம், தீர்க்கம், உயரம் ஆகியவற்றோடு துல்லியத்தையும் நான்காவது எண்ணாகச் சேமிக்கின்றன. அந்தப் பத்தியைக் கோப்பிலிருந்து அழித்துவிடாதீர்கள். 'அழகாக இல்லை' என்று அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதைத் துல்லியம் என்று எண்ண வேண்டாம். டிகிரியில் ஐந்தாவது இலக்கம் சுமார் 1.1 மீட்டர், ஆறாவது சுமார் 11 சென்டிமீட்டர். போன் எட்டு இலக்கம் காட்டும். அதனால் மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிட்டோம் என்று ஆகாது.

6. எந்த போன்னு கூட எழுதணுமா? எல்லா போனும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. எழுதுங்கள்: போன் மாடல், செயலியின் பெயர், பதிப்பு. ஒரு புள்ளிக்கு ஒரு வினாடி நின்றீர்களா, ஒரு நிமிடம் நின்று சராசரி எடுத்தீர்களா என்பதையும்.

கருவியின் நிலையை எழுதிவைக்கும் வழக்கம் நம் மண்ணில் இருநூறு ஆண்டுக்கு மேல் பழையது. 1802-இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையில் தொடங்கி சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். அளக்கும் எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால் வெப்பமானி வைத்து வெப்பநிலையையும் கூடவே பதிந்துகொண்டே போனார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டது. அதைப் பிரித்து வாரக்கணக்கில் சரிசெய்தார்கள். அந்தச் செய்தி இன்றும் நமக்குத் தெரிகிறது. சங்கிலியின் சூடும் கருவிக்கு விழுந்த அடியும் பதிவில் இருந்தால்தான் அந்த அளவைகளைப் பிற்காலத்தவர் எடைபோட முடியும். நம் போன் தண்ணீரில் விழுந்து எழுந்திருந்தால் அதையும் எழுதலாம்.

7. டபிள்யூஜிஎஸ் 84ன்னு போட்டாச்சு. யுடிஎம் மண்டலமெல்லாம் எதுக்குங்க?

அட்ச தீர்க்கமாக, டிகிரியில் வைத்திருக்கும்வரை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலகப் பொது முறையான டபிள்யூஜிஎஸ் 84 போதும். ஆயத்தொலைவு முறைகளுக்கான இபிஎஸ்ஜி எண் பட்டியலில் அதன் எண் 4326. பரப்பளவு, நீளம் கணக்கிட மீட்டருக்கு மாற்றும்போதுதான் யுடிஎம், அதாவது பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடத்தைக் குறிக்கும் முறை, வருகிறது, சிக்கலும் வருகிறது. 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே ஓடுகிறது. அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44-ஆம் மண்டலம். எண்கள் முறையே 32643, 32644. கோயம்புத்தூர், திருநெல்வேலிக்காரர்கள் 43-இல், சென்னை, தஞ்சாவூர்க்காரர்கள் 44-இல் நிம்மதியாக இருக்கலாம். மதுரை மாவட்டத்துக்குள்ளேயே அந்தக் கோடு போகிறது. உசிலம்பட்டி 43, மேலூர் 44.

உசிலம்பட்டிக் கண்மாயை 43-இல் அளந்து, கோப்பில் எண்ணை எழுதாமல் அனுப்பினால், திறப்பவர் மதுரை என்றதும் 44 என்று போட்டுக்கொள்வார். கண்மாய் ஆறு டிகிரி கிழக்கே தள்ளி, இலங்கையையும் தாண்டி வங்காள விரிகுடாவுக்குள் போய்விடும். கடலுக்குள் போனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், நல்லது. சில மீட்டர், சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும் தவறுதான் ஆபத்து. அது அடுத்த கேள்வி.

8. பழைய டோப்போ ஷீட்டை மேல போட்டா நம்ம கண்மாய் தள்ளி நிக்குது. யாரு தப்பு?

பெரும்பாலும் யாருடைய தப்பும் இல்லை. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் (டோப்போ ஷீட்) எவரெஸ்ட் கோளவடிவத்தை, அதாவது பூமிக்கு ஒப்பாகக் கணிதத்தில் வகுத்த ஒரு வடிவத்தை, அடிப்படையாகக் கொண்டவை. போன் தருவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் மாற்றம் செய்யாமல் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இல் உள்ளன. எனவே எந்தத் தாள், எந்தப் பதிப்பு என்று எழுதுவது கட்டாயம். மதுரை நகரம் உள்ள தாள் 58 கே 1. ஆண்டும் பதிப்பும் தாளின் ஓரத்தில் இருக்கும், ஸ்கேன் செய்யும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.

ஸ்கேன் செய்த தாளை நீங்களே வரைபடத்தில் உரிய இடத்தில் பொருத்தினால் எத்தனை கட்டுப்பாட்டுப் புள்ளி (இடம் தெரிந்த புள்ளி) வைத்தீர்கள், சராசரிப் பிழை எவ்வளவு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கியூஜிஐஎஸ் அந்தப் புள்ளிகளைத் தனிக் கோப்பாகச் சேமிக்கும். அதையும் பத்திரப்படுத்துங்கள்.

9. கன்னியாகுமரி கடற்கரையில நின்னா உயரம் மைனஸ் தொண்ணூறு சொச்சம் காட்டுது. போன் பழுதா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஜிபிஎஸ் அளப்பது கணிதக் கோளவடிவத்திலிருந்து உயரம், கடல் மட்டத்திலிருந்து அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி உலகிலேயே மிக அதிகமாக இருப்பது இந்தியாவின் தென்முனைக்குத் தெற்கே உள்ள இந்தியப் பெருங்கடல் பகுதியில்தான், அங்கே 100 மீட்டரையும் தாண்டும். தமிழ்நாட்டில் சுமார் 90 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சில செயலிகள் தாமே திருத்திக் காட்டும், சில காட்டாது. ஆகவே 'உயரம்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'கோளவடிவ உயரம்' அல்லது 'கடல்மட்ட உயரம்' என்று எழுதுங்கள்.

இன்னொன்று, போன் தரும் உயரத்தை வைத்து எந்தக் கண்மாயிலிருந்து எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் ஓடும் என்று முடிவு செய்யாதீர்கள். சங்கிலித்தொடர் கண்மாய்களில் ஒரு கலுங்குக்கும் அடுத்த கண்மாய்க்கும் இரண்டு மூன்று அடிதான் வித்தியாசம் இருக்கும். போனின் உயரப் பிழை அதைவிடப் பெரிது.

10. ஒருத்தர் கண்மாய்ங்கிறார், ஒருத்தர் ஏரிங்கிறார், ஒருத்தர் ஊருணிங்கிறார். எந்தப் பேரைப் போடறது?

எல்லாவற்றையும். ஆனால் தனித்தனிக் கட்டத்தில். ஒரு கட்டம் ஊர் மக்கள் சொல்லும் பெயருக்கு, அவர்கள் உச்சரித்தபடியே. ஒரு கட்டம் அரசுப் பதிவேட்டில் உள்ள பெயருக்கு. மூன்றாவது கட்டம் வகைக்கு. அந்த மூன்றாவதில்தான் முன்கூட்டியே பேசி முடிவுசெய்த சொற்பட்டியல் வேண்டும்.

இது வெறும் வட்டார வழக்குச் சிக்கல் இல்லை. வடக்கே ஏரி என்பதை மதுரை, ராமநாதபுரத்தில் கண்மாய் என்கிறோம். அது பாசனத்துக்கு. ஊருணி குடிதண்ணீருக்கு, அதற்கு ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருக்காது. ஏந்தல் சிறியது. தாங்கல் என்றால் சில இடங்களில் மேலே உள்ள ஏரியின் உபரியைத் தாங்குவது. கலுங்கு, கலிங்கு இரண்டும் ஒன்று, உபரிநீர் வழிந்து போகும் கட்டுமானம். வழிந்த நீர் ஓடுவது மறுகால். ஒரு குழு கலுங்குப் புள்ளியை 'மறுகால்' என்றும் இன்னொரு குழு 'வெளிப்போக்கு' என்றும் போட்டால் வடிகட்டித் தேடும்போது பாதி காணாமல் போகும். ஊருணியைக் கண்மாய்க் கணக்கில் சேர்த்தால் பாசனப் பரப்பு சுழியாக வந்து சராசரி கெடும்.

ஆகவே ஒரு பக்கத்தில் சொற்பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி விளக்கமும் ஒரு போட்டோவும் வைத்து, கோப்போடு சேர்த்தே அனுப்புங்கள். முடிந்தால் அந்த ஊரின் நீர்பாய்ச்சி ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். எங்கள் பட்டியலில் 'மடை' என்று ஒன்றுதான் இருந்தது. ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, மேட்டு மடையும் பள்ள மடையும் வேறு வேறு, கண்மாயில் தண்ணீர் குறையும்போது பள்ள மடைதான் கைகொடுக்கும் என்றார். அன்றைக்கே ஒரு கட்டம் கூடியது.

11. எஃப்எம்பி வரைபடத்துல 250ன்னு போட்டிருக்கு. மீட்டரா, அடியா?

எஃப்எம்பி என்பது வருவாய்த் துறையின் புல அளவைப் புத்தக வரைபடம். பழையது என்றால் பெரும்பாலும் லிங்க்ஸ். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி, 20.12 மீட்டர். 250 லிங்க்ஸ் சுமார் 50 மீட்டர். மீட்டர் என்று எடுத்தால் ஐந்து மடங்கு நீளமாகும். பின்னால் வந்த வரைபடங்கள் மீட்டரில், பரப்பு ஹெக்டேர்-ஏர்ஸில் இருக்கும். ஊரில் பேசுவதோ ஏக்கர், சென்ட்.

அலகு இல்லாத எண்ணைக் கோப்பில் ஏற்றவே கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில அளவு வரும் இடத்தில் பதினாறு சாண் கோல் என்றெல்லாம் எந்தக் கோலால் அளந்தது என்பதையும் வெட்டிவைத்திருப்பார்கள். கல்லில் வெட்டியவர்களே அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

12. தெரியாத விவரத்துக்குச் சுழி போட்டுட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 'மடை எண்ணிக்கை 0' என்றால் மடையே இல்லை என்று பொருள். 'எண்ணவில்லை', 'எண்ணப் போனோம், புதரால் முடியவில்லை' என்பவை வேறு. எங்களிடம் மூன்று குறியீடுகள்: இல்லை, பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. மூன்றும் சொற்பட்டியலிலேயே இருக்கின்றன.

13. போட்டோலேயே இடமும் நேரமும் பதிவாகியிருக்குமே?

இருக்கும், நீங்கள் அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்வரை. அனுப்பினால் இட விவரம் உதிர்ந்துவிடும், அளவும் சுருங்கும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு நேராக எடுங்கள். எடுத்த திசையைப் போன் சில நேரம் தப்பாகப் பதியும். 'கரை மேல் நின்று தெற்கே பார்த்து' என்று நோட்டில் ஒரு வரி எழுதுவது அதற்குத்தான்.

நேரத்தில் ஒரு பொறி உண்டு. ஜிபிஎஸ் தடப்பதிவுக் கோப்புகள் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. விடியற்காலை 5.15-க்கு நடக்கத் தொடங்கினால் கோப்பில் முந்தைய நாள் இரவு 11.45 என்று இருக்கும். போட்டோவில் இந்திய நேரம், தடத்தில் முந்தைய தேதி, நோட்டில் இன்னொன்று. நாங்கள் வெயிலுக்குப் பயந்து விடியலில் நடப்பவர்கள், இது எங்களுக்கு அடிக்கடி நடக்கும். எந்த நேர வலயம் என்று கோப்பில் எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

14. ஷேப்ஃபைல்ல தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா வருது. என்ன பண்றது?

ஷேப்ஃபைல் என்பது வரைபடத் தரவைச் சேமிக்கும் ஒரு வடிவம். அது ஒரே கோப்பு இல்லை, ஒரே பெயரில் பல கோப்புகள். அதில் பிஆர்ஜே என்று முடிவது ஆயத்தொலைவு முறையைச் சொல்வது, சிபிஜி என்று முடிவது எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்வது. இரண்டும் மீத்தரவுதான். அனுப்பும்போது இவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் அனுப்புவதால்தான் தமிழ் உடைகிறது, கேள்வி 7-இல் சொன்னபடி இடமும் தள்ளிப்போகிறது.

உடையாவிட்டாலும் ஷேப்ஃபைல் தமிழுக்கு நெருக்கடியான வீடு. பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம், யுடிஎஃப் 8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கண்மாய்' என்று தலைப்பு வைத்தால் 'கண்' வரைக்கும்தான் தாங்கும். எழுத்துக் கட்டத்துக்கு 254 பைட், அதாவது புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேர்த்து 84 குறிகள். கேள்வி 4-இல் பார்த்த நோட்டுப் பதிவு இதில் பாதிகூட அடங்காது. ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறிவிடுங்கள். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும், தமிழ் நிம்மதியாக உட்காரும்.

15. சரி, மீத்தரவை எங்கே எழுதி வைக்கிறது?

கியூஜிஐஎஸ்-இல் அடுக்கின் பண்புகளுக்குள் மீத்தரவுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அதை நிரப்பிச் சேமித்தால் கியூஎம்டி என்று முடியும் கோப்பாகவோ ஜியோபேக்கேஜுக்கு உள்ளேயோ போய்விடும். அதோடு அதே கோப்புறையில் சாதாரண உரைக் கோப்பு ஒன்றும் வையுங்கள், 'முதலில் படிக்கவும்' என்ற பெயரில். கேள்வி 3-இன் ஏழு பதில்கள், கேள்வி 10-இன் சொற்பட்டியல், களநோட்டின் ஸ்கேன் இருக்கும் இடம். உரைக் கோப்பு எந்தக் கணினியிலும் திறக்கும்.

16. ஐஎஸ்ஓ தரமெல்லாம் நம்மள மாதிரி சின்னக் குழுவுக்குத் தேவையா?

பெயர் தெரிந்திருந்தால் நல்லது. புவியிடத் தரவின் மீத்தரவுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 19115, முதலில் 2003-இல் வந்தது, 2014-இல் புதுப்பிக்கப்பட்டது. முழுசாகப் பின்பற்றச் சொன்னால் குழுவில் பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஆனால் கேள்வி 15-இல் சொன்ன பக்கத்தை நிரப்பினாலே அதன் முக்கியமான பகுதிகளைத் தொட்டுவிடுவீர்கள். பின்னால் ஒரு பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ கேட்டால் மாற்றிக்கொடுப்பது எளிது.

அந்தத் தரத்தில் எனக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு, தமிழில் 'மரபுவழி' எனலாம். தரவு எதிலிருந்து எதுவாகப் பிறந்தது, வழியில் யார் என்ன செய்தார்கள் என்ற வரலாறு. அதைத்தான் அடுத்த இரண்டு பதில்களில் சொல்கிறேன்.

17. ரெண்டு குழு எடுத்தது பொருந்தலை. எதை அழிக்கறது?

எதையும் அழிக்காதீர்கள். மூலக் கோப்புகளைப் படிக்க மட்டுமான கோப்புறையில் தேதியோடு வையுங்கள். மூன்றாவதாக ஒரு கோப்பு உருவாக்கி, கிழக்குக் கரை எந்தக் குழுவிலிருந்து வந்தது, தெற்குப் பக்கம் எந்தக் குழுவிலிருந்து வந்தது, ஏன் என்று எழுதுங்கள். முக்கால்வாசி நேரம் முரண்பாட்டின் காரணம் மீத்தரவிலேயே இருக்கும்: ஒரு குழு கரையின் உள்சரிவில் நடந்திருக்கும், இன்னொன்று கரை மேல். கேள்வி 2-இன் மார்கழி, சித்திரை விவகாரமும் இதே வகை.

கோப்புக்கு 'இறுதி', 'புதிய இறுதி' என்று பெயர் வைப்பதை விட்டுவிடுங்கள். ஆண்டு, மாதம், நாள், பதிப்பு எண் போதும்.

18. நேர்ல போகாம செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைஞ்சேன். அதையும் கள அளவுன்னு போட்டுக்கலாமா?

கூடாது. வரைவது தவறில்லை, அதை 'களத்தில் அளந்தது' என்பது தவறு. படத்திலிருந்து வரைந்தது, எந்தப் படம், எந்தத் தேதி என்று எழுதுங்கள். சென்டினல் 2 படம் என்றால் ஒரு படப்புள்ளி 10 மீட்டர், எடுத்த தேதி துல்லியமாகக் கிடைக்கும். வரைபடத் தளங்களில் தெரியும் கூர்மையான படங்கள் பல நாள் படங்களின் ஒட்டு. பக்கத்துப் பக்கத்துச் சதுரங்கள் வேறு வேறு மாதமாக இருக்கலாம். வணிகத் தளங்களின் படங்களிலிருந்து வரைந்து வெளியிடுவதற்கு அவற்றின் விதிமுறை இடம்தராமலும் இருக்கும். எடுத்துக்காட்டாக, கூகுள் படத்திலிருந்து வரைந்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்ற அனுமதி இல்லை.

19. ஊர்ப் பெரியவர் சொன்ன தகவலை எப்படிப் பதியறது? அவர் பேரைப் போடலாமா?

தகவலைப் போடுங்கள், அவருடைய சொற்களிலேயே. 'கேட்டறிந்தது' என்று குறித்து, அளந்ததோடு கலக்காமல் வையுங்கள். வரத்துக்கால் முன்பு எந்த வழியாக வந்தது என்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாமல் அவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அவர் பெயரைக் கேட்காமல் போடாதீர்கள். கேட்கும்போது, இது யார் யார் கைக்குப் போகும் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். ஆக்கிரமிப்பைப் பற்றிச் சொன்னவர் பெயர் வெளியே போனால் நாம் பஸ் ஏறிவிடுவோம், அவர் அதே ஊரில்தான் இருக்க வேண்டும். எங்கள் பொதுக் கோப்பில் 'ஆண், எழுபதைக் கடந்தவர், ஆயக்கட்டு விவசாயி' என்று மட்டும் இருக்கும். பெயரும் தொலைபேசி எண்ணும் காகித நோட்டில் மட்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே இதுதான் எங்கள் வழக்கம்.

20. எடுத்ததை எல்லாரும் பயன்படுத்தட்டும்னு பொதுவுல போட்டா சட்டச் சிக்கல் வருமா?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்களின்படி, இந்தியக் குடிமக்களும் நிறுவனங்களும் பொதுவாக முன் அனுமதி இல்லாமல் தரவு சேகரிக்கலாம், வெளியிடலாம். பாதுகாப்பு சார்ந்த சில விவரங்களுக்குத் தடை உண்டு. கண்மாய் அளவைக்கு அது பொருந்தாது, ஆனால் பக்கத்தில் ராணுவ வளாகம் இருந்தால் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த உரிமத்தில் தருகிறோம் என்பதும் மீத்தரவின் ஒரு வரி. கிரியேட்டிவ் காமன்ஸ் பண்புக்கூறல் 4.0 என்று எழுதினால் யாரும் பயன்படுத்தலாம், மூலத்தைச் சொன்னால் போதும். எதுவும் எழுதாமல் விட்டால் நேர்மையானவர்கள் தொடத் தயங்குவார்கள். சிலவற்றை மட்டும் மங்கலாக்கி வெளியிடுகிறோம். நீர்ப்பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரங்களின் இடத்தை ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குச் சுருக்கிவிடுவோம். சுருக்கினோம் என்பதையும் எழுதிவிடுவோம்.

21. அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்த கோப்பு நிறைய இருக்கு, ஒண்ணுக்கும் மீத்தரவு இல்லை. தூக்கிப் போட்டுடலாமா?

தூக்கிப் போடாதீர்கள். முதலில் நடந்தவர்களுக்குப் போன் செய்யுங்கள், இன்றைக்கே. நினைவு நாளுக்கு நாள் தேய்கிறது, ஆட்களும் ஊர் மாறுகிறார்கள். பிறகு அந்த நாளின் போட்டோக்கள், வாட்ஸ்அப் குழுவில் 'கிளம்பியாச்சு' என்று போட்ட செய்தி, பெட்ரோல் ரசீது, இவற்றிலிருந்து தேதியைப் பிடிக்கலாம். தேதி கிடைத்துவிட்டால் அந்த வாரத்துச் சென்டினல் படத்தை எடுத்து, நீர் விளிம்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் கேள்வி 2-இல் கேட்ட எந்த எல்லை என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

கிடைத்ததை எழுதும்போது, அன்று எழுதியதுபோல எழுதாதீர்கள். 'இந்த விவரம் பின்னர், இந்தத் தேதியில், போட்டோவையும் நடந்தவரின் நினைவையும் வைத்துச் சேர்க்கப்பட்டது' என்று போடுங்கள். எதற்கும் விடை கிடைக்காத கோப்புகளும் மிஞ்சும். எங்களிடம் அப்படிப் பதினொன்று இருக்கின்றன. 'ஆதாரம் தெரியாதவை' என்ற கோப்புறையில் தனியே வைத்திருக்கிறோம். அந்த ஊர்ப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றைத் திறந்து, கரையில் நின்று, வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.